மாடிசன் வழக்கு: கொரோனாக் காலத்தில் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியைத் திறந்த விதம்

2020 ஆகஸ்ட் 21, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், தலைநகர் மாடிசன் அடங்கிய டேன் கவுன்டியின் (கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்றது) பொது சுகாதார இயக்குநர் ஜேனல் ஹைன்ரிச் தனது ஒன்பதாவது அவசர உத்தரவை வெளியிட்டார். 3 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு நேரடிப் பாடம் கூடாது, இணையவழியில்தான் நடத்த வேண்டும். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி இரண்டுக்கும் இது பொருந்தும். அமலுக்கு வரும் நாள் ஆகஸ்ட் 24, அதாவது அடுத்த திங்கட்கிழமை.

மாடிசன் அரசுப் பள்ளிகளுக்கு இதனால் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. இணையவழியில்தான் தொடங்குவோம் என்று அவை ஜூலையிலேயே சொல்லிவிட்டன. அடி விழுந்தது தனியார் பள்ளிகளுக்கு, அதிலும் முக்கியமாகக் கத்தோலிக்க, லூத்தரன் பள்ளிகளுக்கு. கோடை முழுக்க மேசைகளை இடைவெளிவிட்டுப் போட்டு, கிருமிநாசினி வாங்கி, பெற்றோருக்குத் திட்டத்தை அனுப்பி, அடுத்த சில நாட்களில் மணி அடிக்கக் காத்திருந்தவை அவை. அவற்றில் ஒன்று மாடிசனில் 6 முதல் 12 வரை வகுப்புகள் உள்ள செயின்ட் ஆம்புரோஸ் அகாடமி. இந்தப் பள்ளியும், வேறு தனியார் பள்ளிகளும், ஒரு தாயும் தனித்தனியாக மூன்று மனுக்களோடு நேராக மாநில உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். மூன்றையும் சேர்த்து விசாரித்த அந்த வழக்குக்கு ‘ஜேம்ஸ் எதிர் ஹைன்ரிச்’ என்று பெயர்.

இந்த வழக்கைச் சட்ட மாணவர்கள் மத சுதந்திரம் பற்றிய தீர்ப்பாகப் படிக்கிறார்கள். நான் இதைப் பள்ளிக்கூட நிர்வாகப் பிரச்சினையாகவே பார்க்கிறேன். ஒரு உயர்நிலைப் பள்ளியைத் தொற்றுக் காலத்தில் பாதுகாப்பாகத் திறக்க முடியுமா என்பதற்கு விடை அந்தப் பள்ளியின் டைம்டேபிளிலும், சாப்பாட்டு வேளையிலும், ஜன்னலிலும் இருந்தது. உத்தரவு போட்டவர்களும் சரி, அதை எதிர்த்தவர்களும் சரி, அந்த இடத்தில் போதிய நேரம் நிற்கவில்லை என்பது என் கருத்து.

உத்தரவின் கணக்கு

ஹைன்ரிச் அலுவலகம் தன் முடிவுக்கு ஒரு அளவுகோல் வைத்திருந்தது. கவுன்டியில் ஒரு நாளைக்கு எத்தனை பேருக்குத் தொற்று உறுதியாகிறது என்பதை 14 நாள் சராசரியாக எடுப்பார்கள். அந்தச் சராசரி 54-ஐத் தாண்டாமல் தொடர்ந்து நான்கு வாரம் இருந்தால் மழலையர் முதல் 2-ஆம் வகுப்பு வரை திறக்கலாம். 39-க்குள் இருந்தால் 3 முதல் 5 வரை. 19-க்குள் இருந்தால்தான் 6 முதல் 12 வரை. ஆகஸ்டில் இருந்த நிலவரத்துக்குச் சின்ன வகுப்புகள் மட்டும் தேறின.

வயது கூடக்கூட வாசலைக் குறுக்கியதற்குக் காரணம் இருந்தது. அந்த ஜூலையில்தான் தென்கொரியாவில் இருந்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. முதலில் தொற்று வந்தவர் 10 முதல் 19 வயதுக்குள் இருந்த வீடுகளில், கூட இருந்தவர்களில் 18.6 சதவீதம் பேருக்குத் தொற்று தெரிந்தது. முதலில் தொற்று வந்தவர் 10 வயதுக்கும் குறைவான குழந்தையாக இருந்த வீடுகளில் இது 5.3 சதவீதம்தான். பதின்ம வயதினர் பெரியவர்களைப் போலவே நோயைக் கடத்துகிறார்கள் என்ற பயம் அப்போது உலகம் முழுக்க இருந்தது.

அதற்கு முன்பே ஜெருசலேமில் ஒரு பள்ளியில் ஒரு சம்பவம். 2020 மே 17 அன்று இஸ்ரேலில் பள்ளிகள் முழுமையாகத் திறந்தன. இரண்டே நாளில் கடும் வெப்ப அலை. மூன்று நாளைக்கு முகக்கவசத்தில் இருந்து மாணவர்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். வகுப்பறைகளில் ஏ.சி. ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு வகுப்பில் 35-க்கு மேல் மாணவர்கள். மே 26, 27 தேதிகளில் முதல் இரண்டு பேருக்கு உறுதியானது. பள்ளி முழுவதையும் பரிசோதித்தபோது 153 மாணவர்களுக்கும் 25 ஊழியர்களுக்கும் தொற்று இருந்தது. பள்ளியில் எட்டில் ஒரு மாணவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே ஹைன்ரிச்சின் பயத்தைக் காரணமற்றது என்று தள்ள என்னால் முடியாது. ஆனால் ஜெருசலேம் கதையைத் திருப்பிப் படித்தால் வேறொன்றும் தெரிகிறது. நெரிசலான வகுப்பு, அடைத்த ஜன்னல், சுற்றிச் சுற்றி ஓடும் ஏ.சி., கழற்றிய மாஸ்க். நான்கும் சேர்ந்து வந்தன. நான்குமே பள்ளி மாற்றிக்கொள்ளக்கூடிய விஷயங்கள். டேன் கவுன்டியின் உத்தரவு பள்ளியின் தயாரிப்பைப் பார்க்கவே இல்லை. கவுன்டியின் எண்ணை மட்டும் பார்த்தது. இருபது மாணவர் உள்ள வகுப்பறையில் ஜன்னலைத் திறந்துவைத்த பள்ளிக்கும், நாற்பது பேரை அடைத்துவைத்த பள்ளிக்கும் ஒரே பதில்.

பல்கலைக்கழகம் திறந்தது, பள்ளி மூடியது

உத்தரவில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. கல்லூரிகளுக்கு அது நேரடி வகுப்பைத் தடுக்கவில்லை. பள்ளிக் கட்டடத்தைக்கூடக் குழந்தைகள் பராமரிப்புக்கும் இளையோர் நிகழ்ச்சிக்கும் பயன்படுத்தலாம் என்றது. ஒரு பதினாறு வயதுப் பையன் அதே கட்டடத்தில் இயற்கணிதம் படிக்கக் கூடாது, ஆனால் வேறொரு பெயரில் நடக்கும் நிகழ்ச்சிக்கு வரலாம். பெற்றோருக்கு இதை எப்படி விளக்குவது?

செப்டம்பர் முதல் வாரத்தில் விஸ்கான்சின் மாடிசன் பல்கலைக்கழகம் திறந்தது. விடுதிகள் நிரம்பின. ஒரே வாரத்தில் தொற்று கட்டுக்கடங்காமல் போக, செப்டம்பர் 9 அன்று நேரடி வகுப்புகளை இரண்டு வாரத்துக்கு நிறுத்துவதாக அறிவித்தார்கள். செல்லரி, விட்டி என்ற இரண்டு பெரிய விடுதிகளை அன்று இரவே முழுமையாகத் தனிமைப்படுத்தினார்கள். மறுநாள், செப்டம்பர் 10 அன்று, மாநில உச்ச நீதிமன்றம் பள்ளிகளை மூடிய உத்தரவுக்கு இடைக்காலத் தடை விதித்தது. கவுன்டியின் தொற்று எண்ணிக்கை எகிறிக்கொண்டிருந்த அதே நாட்களில் பள்ளிகள் சட்டப்படி திறந்தன. 19 என்ற அந்த வரம்பு அந்தக் குளிர்காலம் முழுக்க எட்டாத தூரத்தில் இருந்தது. தடை வராமல் போயிருந்தால் பெரிய வகுப்பு மாணவர்கள் அநேகமாக அந்தப் பள்ளியாண்டை வீட்டிலேயே முடித்திருப்பார்கள்.

பள்ளிகள் அவசரப்பட்டதற்குப் பணமும் ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அரசுப் பள்ளி இணையத்தில் இலவசமாகப் பாடம் நடத்தும்போது, அதே இணையப் பாடத்துக்குப் பெற்றோர் எதற்குக் கட்டணம் கட்ட வேண்டும்? 2020-21 கல்வியாண்டில் அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை 6.4 சதவீதம் குறைந்தது. 209 பள்ளிகள் மூடின, அல்லது பக்கத்துப் பள்ளியோடு சேர்ந்தன. அந்தப் பயம் உண்மையானது. ஆனால் பணக் கவலை இருந்ததாலேயே பாதுகாப்பு ஏற்பாடு போலி என்று சொல்லிவிட முடியாது. ஒரே ஒரு கொத்துத் தொற்று (ஒரே இடத்தில் பலருக்குச் சேர்ந்து பரவுவது) வந்து பள்ளியை மூட நேர்ந்தால், அந்தப் பெற்றோர் மறுபடி வரமாட்டார்கள் என்பதும் பள்ளிகளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

டைம்டேபிள்

நம் ஊர்ப் பள்ளியில் மாணவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பார்கள், பீரியடுக்கு பீரியட் ஆசிரியர் மாறுவார். அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் தலைகீழ். ஆசிரியருக்குத்தான் அறை, மாணவர்கள் நடப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனி டைம்டேபிள். ஒருத்தி பதினொன்றாம் வகுப்பு ஆங்கிலத்தில் இருப்பாள், கணக்கில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களோடு, லத்தீன் பாடத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு. ஒரு நாளைக்கு ஏழு பீரியட், வகுப்புக்கு இருபது பேர் என்றால் அவள் ஒரே நாளில் 140 பேர் வரை பக்கத்தில் உட்காருகிறாள். இடைவேளை ஐந்து நிமிடத்தில் வராண்டாவில் எல்லோரும் கலப்பது தனி.

தொடக்கப் பள்ளியைத் திறக்க எளிதாக இருந்ததே இதனால்தான். இருபது குழந்தைகளை ஒரு குழுவாக்கி, ஒரே அறையில் வைத்து, ஒரே ஆசிரியரைக் கொடுத்தால் முடிந்தது. ஒருவருக்குத் தொற்று வந்தால் அந்த இருபது பேரோடு நிற்கும். சிகாகோ உயர்மறைமாவட்டம் (பேராயரின் கீழ் உள்ள கத்தோலிக்க நிர்வாகப் பகுதி) 2020 இலையுதிர் காலத்தில் இந்த முறையில் திறந்தது. சிகாகோ நகருக்குள் மட்டும் 91 பள்ளிகள், ஏறக்குறைய 20,000 மாணவர்கள். அந்த இலையுதிர் காலத்தில் அவர்களில் 0.2 சதவீதம் பேருக்குத் தொற்று என்று நகர சுகாதாரத் துறை கணக்கிட்டது. நகரத்துக் குழந்தைகளின் மொத்த விகிதமோ 0.4. நல்ல எண்தான். ஆனால் அவை பெரும்பாலும் எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளிகள். அந்த எண்ணைக் காட்டி உயர்நிலைப் பள்ளியும் அப்படியே என்று வாதாடுவது தவறு.

உயர்நிலைப் பள்ளிக்கு என்ன வழி? பல இடங்களில் கையாண்ட முறை, நாளுக்கு ஏழு பீரியடை நான்கு நீண்ட பீரியடாக்குவது. இன்னும் துணிந்தவர்கள் பாடங்களையே பிரித்தார்கள். முதல் பத்து வாரம் நான்கு பாடம், அடுத்த பத்து வாரம் வேறு நான்கு பாடம். அப்படிச் செய்தால் அந்தப் பெண் பத்து வாரத்துக்குச் சந்திக்கும் எண்ணிக்கை அதிகபட்சம் 80. வராண்டா நெரிசலும் பாதியாகிறது. விலையும் உண்டு. பத்து வாரத்தில் ஒரு வருடப் பாடத்தில் பாதியைத் திணிக்க வேண்டும். மொழிப் பாடத்தைப் பத்து வாரம் விட்டால் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். ஆசிரியர்களுக்கு இது பிடிக்காது. பிடிக்காவிட்டாலும் இதைப் போல அதிக பலன் தந்த ஏற்பாடு வேறு இல்லை என்றே நினைக்கிறேன். ஏனென்றால் மாஸ்க்கைப் பிள்ளை கழற்றிவிடலாம், ஜன்னலை யாராவது சாத்திவிடலாம். டைம்டேபிளை மீற முடியாது.

இதோடு சேர்ந்த இன்னொரு சின்ன விஷயம், இருக்கை வரைபடம். ஒவ்வொரு பீரியடிலும் யார் எந்த நாற்காலி என்று ஆசிரியர் குறித்து வைக்க வேண்டும், மாறி உட்காரக் கூடாது. அப்போதைய விதிப்படி, தொற்று உள்ளவருக்கு ஆறு அடிக்குள், ஒரு நாளில் மொத்தம் 15 நிமிடம் இருந்தவர் நெருங்கிய தொடர்பு. அவர் 14 நாள் வீட்டில் இருக்க வேண்டும். டிசம்பரில்தான் இது 10 நாள், அல்லது பரிசோதனையோடு 7 நாள் என்று குறைந்தது. ஒரு மாணவருக்கு உறுதியானது என்று ஞாயிறு இரவு போன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வரைபடம் இருந்தால் முன்னால், பின்னால், இரு பக்கமும் என்று நான்கு வகுப்பிலும் சேர்த்துப் பதினைந்து, இருபது பேரை வீட்டில் இருக்கச் சொன்னால் போதும். இல்லாவிட்டால் நான்கு வகுப்பையும் மொத்தமாக அனுப்ப வேண்டும். இரண்டு தடவை அப்படி நடந்தால் பள்ளி திறந்திருக்கிறது என்பது பேருக்குத்தான்.

காற்று

மாடிசனில் அக்டோபர் முடிவிலேயே குளிர் கடிக்கத் தொடங்கும். ஜனவரி இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி சாதாரணம். ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று சொல்வது செப்டம்பருக்குச் சரி. அப்புறம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 9 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள வகுப்பறை 216 கன மீட்டர். அந்த அறையின் காற்று மணிக்கு ஐந்து தடவை மாற வேண்டும் என்பது அப்போது ஹார்வர்டின் கட்டட நலக் குழு பள்ளிகளுக்குச் சொன்ன இலக்கு. அதாவது மணிக்கு 1,080 கன மீட்டர் சுத்தக் காற்று. பழைய கட்டடத்தின் காற்றோட்ட அமைப்பு இதில் பாதியைத் தருகிறது என்று வைத்தால், மீதி 540. மணிக்கு 500 கன மீட்டர் அளவுக்குச் சுத்திகரிக்கும் ஹெப்பா வடிகட்டி ஒன்றை மூலையில் வைத்தால் ஏறக்குறைய கணக்கு நேராகிவிடும். ஒரு வகுப்பறைக்கு ஒரு இயந்திரம். மின்விசிறி இரைச்சல் கொஞ்சம் இருக்கும், மாஸ்க்கோடு பேசும் ஆசிரியர் குரல் பின் வரிசைக்குக் கேட்காது, அதற்கு ஒரு சின்ன மைக். இதுதான் அந்தப் பிரமாதமான தொழில்நுட்பம்.

மாநில அரசோ கவுன்டியோ ஒவ்வொரு பள்ளிக்கும் கார்பன் டை ஆக்சைடு அளக்கும் கருவியோடு ஒரு ஆளை அனுப்பி, ஆட்கள் நிரம்பிய வகுப்பறையில் அரை மணி நேரம் வைத்துப் பார்த்திருந்தால், எந்தப் பள்ளி தயார், எது தயாரில்லை என்று தெரிந்திருக்கும். காற்று மாறாத அறையில் அந்த வாயுவின் அளவு, பத்து லட்சத்துக்கு இத்தனை பங்கு என்ற கணக்கில், 2,000-ஐத் தாண்டும். நன்றாக மாறும் அறையில் 800 பக்கம் நிற்கும். ஆனால் 2020 கோடையில் எல்லோருடைய கவனமும் மேசையைத் துடைப்பதிலும் வாசலில் காய்ச்சல் பார்ப்பதிலும் இருந்தது. நெற்றியில் காட்டும் வெப்பமானியால் அறிகுறி இல்லாத பதின்ம வயதினரைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. அதற்குச் செலவான காலை நேரமும் பணமும் காற்றுக்குப் போயிருக்க வேண்டியவை.

திருப்பலி

கத்தோலிக்கப் பள்ளிக்கு மட்டும் உரிய சிக்கல் இது. வாரத்தில் ஒரு நாளாவது பள்ளி முழுக்கத் திருப்பலிக்கு, அதாவது பூசைக்கு, கூடும். பாடகர் குழு பாடும். பாட்டு எவ்வளவு ஆபத்து என்பதற்கு அமெரிக்காவில் எல்லோரும் அறிந்த உதாரணம் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காஜிட் பள்ளத்தாக்கு. 2020 மார்ச் 10 அன்று ஒரு பாடகர் குழுவின் பயிற்சிக்கு 61 பேர் வந்தார்கள். முதலில் அறிகுறி இருந்த ஒருவரையும் சேர்த்து 53 பேருக்கு நோய் வந்தது, உறுதியானவை 33, மற்றவை அறிகுறியை வைத்துக் கணித்தவை. இரண்டு பேர் இறந்தார்கள்.

எனவே மறைமாவட்டங்கள் திருச்சபைச் சட்டத்துக்குள் நின்றே பலவற்றை நிறுத்தின. சமாதானம் சொல்லிக் கைகுலுக்குவது போனது. திருக்கிண்ணத்தில் இருந்து எல்லோரும் பருகுவது நின்றது. வாசலில் தீர்த்தத் தொட்டி காலியானது. நற்கருணை அப்பத்தைக் கையில் வாங்கச் சொன்னார்கள். பல பள்ளிகள் ஒவ்வொரு வகுப்பாகக் கோவிலுக்கு அனுப்பி, மற்றவர்களுக்கு வகுப்பறைத் திரையில் நேரலை காட்டின. கோவில் கூரை உயரமானது, காற்றின் கொள்ளளவு அதிகம். ஐம்பது பேர் மாஸ்க்கோடு பேசாமல் அமர்ந்திருக்கும் கோவில், இருபது பேர் சாப்பிடும் கேன்டீனைவிடப் பாதுகாப்பானது. பாவசங்கீர்த்தனக் கூண்டைப் பூட்டிவிட்டு, குருவும் மாணவரும் திறந்த இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வழக்கில் பெற்றோரின் வாதம், திருப்பலியும் பாவசங்கீர்த்தனமும் சேர்ந்து ஜெபிப்பதும் எங்கள் பள்ளிப் படிப்பின் பகுதி, அதைத் திரையில் பெற முடியாது என்பது. உண்மை. ஆனால் பள்ளி நாளிலேயே எளிதில் பாதுகாப்பாக்கக்கூடிய பகுதி இந்தத் திருப்பலிதான். கஷ்டமான பகுதிகள் வேறு: சாப்பாடு, ஸ்டாஃப் ரூம், விளையாட்டு.

சாப்பாடு, ஸ்டாஃப் ரூம், மல்யுத்தம்

மாஸ்க் கழற்றாமல் சாப்பிட முடியாது. ஆகவே உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரே திசை பார்த்துத் தனித்தனி மேசை, வகுப்புவாரியாக நேரம், சாப்பிடும்போது பேச்சு இல்லை. பதினாறு வயதுப் பிள்ளைகளைப் பேசாமல் சாப்பிட வைப்பது எளிதா என்று கேட்டால், இல்லை. நல்ல பள்ளிகள் அங்கேதான் அதிக ஆட்களைக் கண்காணிப்புக்கு நிறுத்தின.

ஆசிரியர்களைப் பற்றி ஒரு கசப்பான உண்மை. ஜார்ஜியா மாநிலத்தின் மரியெட்டாவில், 2020 டிசம்பர் முதல் 2021 ஜனவரி வரை தொடக்கப் பள்ளிகளில் ஒன்பது கொத்துத் தொற்றுகளை ஆராய்ந்தார்கள். அவற்றில் நான்கு ஆசிரியரிடம் தொடங்கின. மாணவரிடம் தொடங்கியது என்று உறுதியானது ஒன்றுதான். இரண்டு கொத்துகளில், ஆசிரியர்கள் கூடி உட்கார்ந்து சாப்பிடும்போதோ, கூட்டம் போடும்போதோ தங்களுக்குள் கடத்தி, பிறகு வகுப்புக்குக் கொண்டுபோனதாகத் தெரிந்தது. நாள் முழுக்க மாணவர்களைக் கண்டித்துவிட்டு மதியம் ஸ்டாஃப் ரூமில் மாஸ்க்கைக் கழற்றி காபி குடிப்பது மனித இயல்பு. அந்த அறையைப் பூட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை.

விளையாட்டு இன்னும் மோசம். 2020 டிசம்பரில் ஃபுளோரிடாவில் இரண்டு உயர்நிலைப் பள்ளி மல்யுத்தப் போட்டிகள் நடந்தன. பத்துப் பள்ளிகள், 130 பேர். அதில் பரிசோதித்துக்கொண்டவர்கள் 54 பேர்தான், அவர்களில் 38 பேருக்குத் தொற்று. அவர்கள் வழியாகத் தொற்றிய ஒரு பெரியவர் இறந்துபோனார். வகுப்பறையில் மாதக்கணக்கில் கட்டிக் காத்ததை ஒரு சனிக்கிழமைப் போட்டி கலைத்துவிடும். கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளில் விளையாட்டு என்பது பள்ளியின் பெருமை, பழைய மாணவர் நன்கொடையும் அதை ஒட்டித்தான் வரும். அதனால் நேரடி வகுப்புக்கு வாதாடிய பல பெற்றோர் அதே மூச்சில் கால்பந்துக்கும் வாதாடினார்கள். வகுப்பு வேண்டும் என்றால் மல்யுத்தத்தை ஒரு வருடம் விடத்தான் வேண்டும் என்று அவர்களிடம் நேராகச் சொன்ன பள்ளி நிர்வாகத்தை நான் மதிக்கிறேன்.

நூறு மைல் தள்ளி ஒரு சான்று

டேன் கவுன்டி வழக்காடிக்கொண்டிருந்தபோது, அதே மாநிலத்தின் நடுவே வுட் கவுன்டியில் 17 பள்ளிகள் திறந்தே இருந்தன. ஆகஸ்ட் 31 முதல் நவம்பர் 29 வரை 4,876 மாணவர்கள், 654 ஊழியர்கள். மழலையர் முதல் 12 வரை எல்லா வகுப்பும். மாணவர்களுக்குத் துணி மாஸ்க்குகள் கொடுத்தார்கள். 11 முதல் 20 பேர் கொண்ட குழுக்கள், அவை கலக்கக் கூடாது. ஆசிரியர்கள் வாராவாரம் யார் மாஸ்க் போடுகிறார்கள் என்று கணக்கெடுத்தார்கள், 92 சதவீதத்துக்குக் கீழே அது இறங்கவில்லை. ஊருக்குள் அப்போது தொற்று மிக அதிகம். சில வாரங்களில் பரிசோதித்தவர்களில் 40 சதவீதம் வரை தொற்று இருந்தது.

அந்தப் பதின்மூன்று வாரத்தில் மாணவர், ஊழியர் மத்தியில் 191 பேருக்குத் தொற்று. அவற்றில் பள்ளிக்குள்ளேயே பரவியது என்று தடம் பிடித்தவை ஏழு. ஏழு பேரும் மாணவர்கள், ஊழியர் யாரும் இல்லை. அறிகுறி இல்லாதவர்களைத் தேடிப் பரிசோதிக்கவில்லை என்பதால் ஏழு என்பது கொஞ்சம் குறைந்த கணக்காக இருக்கலாம். அப்படியே இருந்தாலும், 19 என்ற வரம்பைப் பலமடங்கு மீறிய சூழலில் உயர்நிலை வகுப்புகளும் சேர்ந்து நடந்து, விளைவு ஜெருசலேம் போல ஆகவில்லை. இந்த ஆய்வு 2021 ஜனவரியில் வெளியானது. ஆகஸ்டில் ஹைன்ரிச் கையில் இது இல்லை. அதை அவர்மேல் குற்றமாக வைப்பது நியாயம் இல்லை.

தீர்ப்பு

2021 ஜூன் 11 அன்று விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் உத்தரவை ரத்து செய்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ரெபெக்கா கிராஸல் பிராட்லி. முதல் காரணம் சட்டத்தின் வாசகம். தொற்று நோய்க் காலத்தில் பள்ளிகளை மூடும் அதிகாரத்தை மாநில சுகாதாரத் துறைக்குச் சட்டம் பெயர் சொல்லிக் கொடுக்கிறது. உள்ளூர் அதிகாரிக்கு உரிய பிரிவில் பொதுக் கூட்டங்களைத் தடுக்கலாம் என்றும், நோயை அடக்க நியாயமான, தேவையான எதையும் செய்யலாம் என்றும் இருக்கிறது. பள்ளி என்ற சொல் அங்கே இல்லை. இருந்திருக்க வேண்டும் என்றால் சட்டமன்றம் எழுதியிருக்கும் என்றது பெரும்பான்மை. இரண்டாவது காரணம், மாநில அரசியல் சாசனம் தரும் வழிபாட்டு உரிமையை உத்தரவு மீறுகிறது என்பது. நீதிபதி ரெபெக்கா டாலட் எழுதி, வேறு இரண்டு நீதிபதிகள் சேர்ந்த மாற்றுத் தீர்ப்பு, ‘நியாயமான, தேவையான எதையும்’ என்ற பரந்த சொற்களுக்குள் பள்ளியும் அடங்கும் என்றது.

சட்ட வாசகத்தில் எனக்கு டாலட் பக்கம் கொஞ்சம் அதிகம் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது. ஒரு நோயை அடக்க எதுவும் செய்யலாம் என்று எழுதிவிட்டு, நோய் பரவும் முக்கியமான இடத்தை மட்டும் வெளியே விட்டதாகக் கருதுவது கடினம். ஆனால் உத்தரவின் நியாயத்தில் பள்ளிகள் பக்கம்தான் நிற்பேன். பல்கலைக்கழக விடுதியைத் திறந்துவிட்டு, இருபது பேர் உள்ள லத்தீன் வகுப்பை மூடச் சொன்ன உத்தரவு ‘நியாயமானது’ என்ற சோதனையில் தேறாது.

தீர்ப்பு வந்தபோது பள்ளியாண்டு முடிந்திருந்தது. ஒரு மாதம் முன்பு, மே 10 அன்று, 12 முதல் 15 வயதினருக்கு ஃபைசர் தடுப்பூசி அனுமதி வாங்கிவிட்டது. மார்ச் மாதமே ஆறு அடி இடைவெளி பள்ளி வகுப்பறைக்கு மூன்று அடியாகக் குறைந்திருந்தது. நீதிமன்றம் யாருக்கு அதிகாரம் என்று தீர்த்துவைத்தது. எந்தப் பள்ளி திறக்கத் தகுதியானது என்று பார்க்கும் வேலை யாருக்கும் இல்லாமலே இருக்கிறது. உணவு விடுதிக்கு உரிமம் கொடுக்குமுன் சமையலறையை நேரில் பார்க்கும் அதே கவுன்டி சுகாதார அலுவலகம், பள்ளியின் டைம்டேபிளையும் சாப்பாட்டுக் கூடத்தையும் காற்றையும் நேரில் பார்த்து, வகுப்பு வகுப்பாக அனுமதி கொடுக்கும்படி விஸ்கான்சின் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்க வேண்டும். அந்த ஆய்வுக்கான படிவத்தில் முதல் கேள்வி, ஒரு மாணவர் ஒரு நாளில் எத்தனை பேரோடு ஒரே அறையில் உட்காருகிறார் என்பதாக இருக்கட்டும்.